கேட்க மட்டும்

உங்க மைக்க யாரும் மூடலீங்க, பதறாதீங்க. சிக்னல் இல்ல, அவ்வளவுதான். புளியம்பட்டி தாண்டுனா தானா வந்துரும். அது வரைக்கும் நீங்க ஹலோ ஹலோன்னு கத்துனாலும் உங்க ஆபீஸ்காரங்களுக்குக் கேக்காது. இந்த பஸ்ஸுல இருக்கறவங்களுக்குத்தான் கேக்கும்.

எப்படித் தெரியும்னா, யாராச்சும் உங்களப் பேச விடாமப் பண்ணியிருந்தா அந்த மைக் படம் மங்கிப் போயிக் கெடக்குமுங்க. அமுக்குனாலும் அமுங்காது. உங்களுது பளிச்சுனு இருக்குது பாருங்க. இது என்னோட தொழிலுங்க. பதினாலு வருஷம் ஒரே காலேஜுல சிஸ்டம் அட்மின். குழந்தைவேலுன்னா மூணு கேம்பஸுலயும் தெரியும். தெரியுமுன்னா, தெரிஞ்சுட்டு இருந்துச்சு. இப்ப பேரு சொன்னா மூஞ்சியத் திருப்பிக்கறாங்க.

எந்தக் காலேஜுன்னு கேக்காதீங்க, சொல்ல மாட்டேன். கோபிப் பக்கம், வெச்சுக்கோங்களேன்.

கொரோனா முடிஞ்சு பசங்க எல்லாம் கிளாஸுக்கு வந்துட்டாங்க. ஆனா ஸ்டாஃப் மீட்டிங் மட்டும் ஆன்லைன்லயே தங்கிப் போச்சுங்க. மூணு கேம்பஸு, நானூத்திப் பன்னெண்டு பேரு, எங்க உக்கார வெக்கறது? மாசம் ஒரு சனிக்கிழமை, கரஸ்பாண்டென்ட் பேசுவாரு, நாங்க கேப்போம். அப்படித்தான் போயிட்டு இருந்துச்சு.

ஜனவரியில ஒரு மீட்டிங். கரஸ்பாண்டென்ட் அட்மிஷனப் பத்திப் பேசிட்டு இருக்காரு. நடுவுல ஒரு பொம்பளக் குரல், "சார், எங்க ஒரிஜினல் சர்டிபிகேட் எப்ப சார் குடுப்பீங்க?" மேத்ஸ் டிபார்ட்மெண்ட் ரேணுகாதேவி மேடம். அமைதியான ஆளுங்க, சத்தமாப் பேசி நான் பாத்ததில்ல.

உங்களுக்கு இது தெரியுமோ என்னமோ. எங்க காலேஜுல வாத்தியாருங்க சேரும்போதே பத்தாவதுல இருந்து பட்டம் வரைக்கும் எல்லா ஒரிஜினலையும் வாங்கி பீரோவுல வெச்சுப் பூட்டிருவாங்க. பாதியில வேற எடத்துக்குப் போயிரக் கூடாதுன்னு. அந்த மேடம் அரசாங்க ஸ்கூல் வாத்தியார் வேலைக்குப் பரீட்சை எழுதி பாஸ் பண்ணிட்டாங்க. சர்டிபிகேட் பாக்கறதுக்கு ஈரோட்டுக்குக் கூப்புடுவாங்க, ஒரிஜினல் வேணும். மூணு தடவ எழுதிக் குடுத்தும் பதில் இல்ல. அதனால மீட்டிங்ல கேட்டுட்டாங்க. ஒருத்தர் கேட்டதும் இன்னும் ஏழெட்டுப் பேரு மைக்கத் தொறந்துட்டாங்க. எனக்கும் வேணும், எனக்கும் வேணும்னு. கரஸ்பாண்டென்ட் மீட்டிங்க முடிச்சுட்டு எந்திரிச்சுப் போயிட்டாரு.

அன்னைக்குச் சாயங்காலம் கார்ல ஏறப் போனவரு ஒத்தக் கால உள்ள வெச்சுட்டு என்னைக் கூப்புட்டாரு. "குழந்தைவேலு, இனிமே மீட்டிங்ல என் குரல் மட்டும்தான் கேக்கோணும்"னாரு. அவ்வளவுதான். எழுதிக் குடுக்கல, மெயில் போடல. நானும் எழுதிக் குடுங்கன்னு கேக்கல. கேக்க முடியுங்களா? அவரு அப்பாதான் எனக்கு வேலை போட்டுக் குடுத்தவரு.

மீட்டிங் நடத்தறவங்க எல்லாரு மைக்கையும் ஒரே அமுக்குல நிறுத்திரலாமுங்க. ஆனா அவங்க திரும்பத் தொறந்துக்குவாங்க. தொறக்கவே முடியாமப் பண்ணோணும்னா பாலிசி போடோணும். இன்சூரன்ஸ் பாலிசி இல்லீங்க. இந்த ஆளு மீட்டிங்ல பேசலாமா, எழுதலாமா, கை தூக்கலாமான்னு நாம எழுதி வெக்கறதுக்கு அங்க பேரு பாலிசி. அத எழுதி ஆளுங்க மேல போட்டு உட்டா, அவங்க எந்த ஊருல எந்த மீட்டிங்ல உக்காந்தாலும் அதுதான் சட்டம்.

வேற யாராச்சும்னா நானூறு பேரையும் ஒவ்வொருத்தராத் தேடி கிளிக் பண்ணி ரெண்டு நாளு உக்காந்திருப்பாங்க. நான் மௌஸே தொட மாட்டேனுங்க. கருப்புத் திரை, வெள்ளை எழுத்து, கமாண்டுதான். ஒரு வரி. சென்னையில இருந்து வந்த ட்ரெய்னரே என்னைப் பாத்துட்டு, இந்தப் பக்கம் இதை யாருங்க பண்றாங்கன்னு ஆச்சரியப்பட்டாரு. பெருமைக்குச் சொல்லல.

பாலிசி எழுதினேன். பேசக் கூடாது, எழுதக் கூடாது, கை தூக்கக் கூடாது. 'கேட்க மட்டும்'னு பேரு வெச்சேன். ஆனா நேரா நானூறு பேரு மேல போடக் கூடாதுங்க. முதல்ல ஒருத்தர் மேல போட்டுப் பாக்கோணும். அதுதான் முறை. ரேணுகாதேவி மேடம் மேல போட்டேன்.

ஏன் அவங்கன்னு எல்லாரும் கேட்டாங்க. விசாரணையில கேட்டாங்க, என் சம்சாரமே கேட்டா. அன்னைக்கு முழுசும் அவங்க பேருதான் எல்லாரு வாயிலயும் இருந்துச்சு, கையில அதுதான் வந்துச்சு. அதுவுமில்லாம அவங்க தப்பா நெனைக்க மாட்டாங்க. வேற ஒண்ணுமில்லீங்க. உங்க மேலயே போட்டுப் பாத்திருக்கலாமேம்பீங்க. அட்மின் மேல அதெல்லாம் போட மாட்டாங்க.

போட்டுட்டு, ஹெட்செட் செக் பண்றோம், ரெண்டு நிமிஷம் மீட்டிங்குக்கு வாங்க மேடம்னு கூப்புட்டேன். வந்தாங்க. ஏதாவது பேசுங்கன்னேன். கேமராவுல வாய் அசையுது. சத்தம் இல்ல. இன்னும் கொஞ்சம் பேசுங்கன்னேன். பேசுனாங்க, பாவம், சிரிச்சுட்டே என்னமோ சொன்னாங்க. சுத்தமா ஒண்ணும் கேக்கல. சரிங்க மேடம், எல்லாம் நல்லா இருக்குதுன்னு சொல்லி வெச்சுட்டேன்.

அப்புறம் ஸ்டாஃப் குரூப் மொத்தத்துக்கும் ஒரே வரியில போட்டேன். கமாண்டு சரியாப் போச்சுன்னா அது ஒண்ணுமே சொல்லாதுங்க. தப்பாப் போனாத்தான் செவப்புல கத்தும். அன்னைக்கு ஒரு சத்தம் இல்ல.

பிப்ரவரி மீட்டிங், மார்ச் மீட்டிங், ரெண்டும் அப்படியே தியானம் பண்ற மாதிரி நடந்துச்சு. ஸ்டாஃப் ரூம்ல முணுமுணுத்தாங்க, என்கிட்டயும் ஒண்ணு ரெண்டு பேரு கேட்டாங்க. மேல கேளுங்கன்னுட்டேன். கரஸ்பாண்டென்ட் இப்பத்தான்யா மீட்டிங் மாதிரி இருக்குதுன்னாரு. தோள்ல தட்டுனாரு. பதினாலு வருஷத்துல அது ஒரு தடவ.

ஏப்ரல்ல, கரஸ்பாண்டென்ட்டுக்கும் மேல இருக்கற சேர்மனோட மக வெளிநாட்டுல இருந்து வந்து செக்ரட்டரியாப் பொறுப்பெடுத்தாங்க. வந்த வாரமே என்னைக் கூப்புட்டு, ஸ்டாஃப் பேச முடியாதபடி ஏதோ பண்ணி வெச்சிருக்கீங்களாமே, இன்னைக்கே எடுங்கன்னாங்க. சனிக்கிழமை நானே எல்லாரு குறையையும் ஒவ்வொருத்தராக் கேக்கப் போறேன்னாங்க. எடுத்துட்டேன். குரூப் மேல போட்டதை எடுக்க ஒரே வரி. அதுவும் சத்தமில்லாமப் போச்சு.

இங்கதாங்க வெனை. குரூப் மேல போட்டது வேற, நேரா ஒரு ஆளு பேருல போட்டது வேற. குரூப்புல எடுத்தாலும் நேராப் போட்டது அப்படியே நிக்கும். அதைத் தனியா எடுக்கோணும். எனக்குத் தெரியாதா என்ன, தெரியும். மறந்துட்டேன். மூணு மாசத்துக்கு முன்னாடி டெஸ்டுக்குப் போட்ட ஒரு வரிய யாருங்க ஞாபகம் வெச்சிருப்பாங்க? அந்தச் சாப்ட்வேர் எழுதுனவன் ஒரு எச்சரிக்கையாவது காட்டியிருக்கோணும். அதைப் பத்தி யாருமே பேசறதில்ல.

சனிக்கிழமை செக்ரட்டரி ரூம்ல நான்தான் பக்கத்துல உக்காந்து மீட்டிங்க ஓட்டறேன். அந்தம்மா கையில லிஸ்ட்டு. பேரு பேராக் கூப்புடறாங்க, சொல்லச் சொல்ல ஒரு பொண்ணு எழுதிக்குது. சர்டிபிகேட் வேணும்னு மட்டும் பதினேழு பேரு கேட்டாங்க. திங்கக்கிழமை வந்து வாங்கிக்கோங்கன்னு அங்கயே சொல்லிட்டாங்க. நான் நம்பலீங்க, ஆனா திங்கக்கிழமை நெஜமாவே குடுத்துட்டாங்க.

ரேணுகாதேவி மேடம் அன்னைக்குக் காலேஜுல இல்ல. பையனுக்கு அம்மை போட்டிருந்துச்சு, லீவுல வீட்டுல இருந்து சேந்திருந்தாங்க. காலேஜுல இருந்திருந்தா பக்கத்து ஆளு மைக்குல பேசியிருக்கலாம். இவங்க வீட்டுக்கு யாரும் வர மாட்டாங்களே, அம்மை போட்ட வீடு.

அவங்க பேரு வந்துச்சு. "ரேணுகாதேவி மேடம், நீங்க முன்னாடியே ஏதோ கேட்டிருந்தீங்களாமே, சொல்லுங்க"ன்னு செக்ரட்டரி கேட்டாங்க. கேட்டுட்டு லிஸ்ட்டைப் பாத்துட்டு இருக்காங்க. ஸ்கிரீன்ல ஒம்போது மூஞ்சி. மூலையில அவங்க. வாய் அசையுது. நான் நெட்டுதான்னு நெனச்சேன். நெட்டுன்னா படமும் நின்னுருக்கோணும், அது அப்புறம் தோணுச்சு. செக்ரட்டரி இன்னொரு தடவ கூப்புட்டாங்க. அந்த மேடம் செல்லை எடுத்துக் காதுல வெக்கறாங்க. என் சட்டைப் பையில அதிருது.

மூணு தடவ அதிருச்சுங்க.

எப்படி எடுக்கறது? புதுசா வந்த செக்ரட்டரி, நான் பக்கத்துல உக்காந்துட்டு மீட்டிங் நடுவுல செல்லுல பேசுனா என்ன நெனைப்பாங்க? அதுவுமில்லாம, எடுத்தா என்ன சொல்லுவாங்கன்னு தெரியும், பேச முடியலன்னுதான் சொல்லுவாங்க. எல்லாம் எடுத்தாச்சுன்னு காலையிலதான் அந்தம்மாகிட்ட சொல்லியிருக்கேன். மூணாவது தடவ அதிர்ந்தப்போ பையிலயே அமுக்கிக் கட் பண்ணேன்.

"சரி, இவங்களுக்கு ஒண்ணும் இல்ல போல"ன்னு செக்ரட்டரி அடுத்த பேருக்குப் போயிட்டாங்க. அந்தப் பொண்ணு 'குறை இல்லை'ன்னு எழுதிக்குச்சு.

நான் அப்படியே உட்டுடல. நாலு மணிக்கு நானாத்தான் கூப்புட்டேன். லேப்டாப்ப அணைச்சுப் போடுங்க, ஹெட்செட்ட மாத்திப் பாருங்கன்னு சொன்னேன். மைக் பட்டனே மங்கிக் கெடக்குதுங்க சார்னாங்க. அப்டேட் வரும், சரியாயிரும்னேன். செக்ரட்டரிகிட்ட நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க சார், வியாழக்கிழமை ஈரோட்டுக்குப் போகோணும்னாங்க. மெயில் போடுங்க மேடம், அதுதான் முறைன்னேன். போட்டாங்க. மெயில் எல்லாம் கரஸ்பாண்டென்ட் ஆபீஸு வழியாத்தான் போகும். மீட்டிங்ல கேட்டப்போ உங்களுக்குக் குறை இல்லன்னு பதிவாயிருக்குதுன்னு பதில் வந்துச்சு. நேர்ல வந்து கேக்கலாம்னா, அம்மை போட்ட வீட்டு ஆளைக் காலேஜுக்குள்ள உட மாட்டாங்க. அதுக்கு நான் என்ன பண்ணுவேன், சொல்லுங்க.

திங்கக்கிழமை காலையில எதுக்கும் பாத்துரலாம்னு, யாரு மேல என்ன பாலிசி இருக்குதுன்னு ஒரு லிஸ்ட் கேட்டேன். ஒரே ஒரு பேரு வந்துச்சு. கருப்புத் திரையில ஒரே ஒரு வரி. ரேணுகாதேவி, கேட்க மட்டும்.

உடனே எடுத்துட்டேனுங்க. ஒரு நிமிஷம் தாமதிக்கல. என்னால ஆனதப் பண்ணிட்டேன்.

யாருகிட்டயும் சொல்லலதான். வியாழனுக்கு மூணு நாளு இருந்துச்சு, சொல்லியிருக்கலாம்னு இப்ப சொல்றாங்க. அன்னைக்கு எதிர்லதான் ஆபீஸு, பதினேழு பேரும் வரிசையில நின்னு கவர் கவரா வாங்கிட்டுப் போறாங்க. நடுவுல நான் போயி, மேடம், என் தப்புன்னு நிக்கோணுமா? பதினாலு வருஷத்துல ஒரு தப்பு பண்ணாத ஆளுங்க நான்.

அவங்க ஜெராக்ஸை எடுத்துட்டு ஈரோடு போயிருக்காங்க. ஒரிஜினல் இல்லாம முடியாதுன்னு திருப்பி அனுப்பிட்டாங்களாம். அடுத்த பரீட்சை எப்ப வருமோ, யாருக்குத் தெரியும். மே மாசம் வேலையை எழுதிக் குடுத்துட்டுப் போயிட்டாங்க.

முடிஞ்சுதுன்னு நெனச்சேன். ஜூன்ல செக்ரட்டரி வெளி ஆளுங்கள வெச்சு கம்ப்யூட்டர் எல்லாம் ஆடிட் பண்ணாங்க. அந்தச் சாப்ட்வேர் இருக்குதே, நம்மகிட்ட ஒண்ணும் சொல்லாது, ஆனா உள்ள எல்லாத்தையும் எழுதி வெச்சுக்கும். யாரு, எப்ப, யாரு மேல, எந்த பாலிசி. ரேணுகாதேவி பேருல மட்டும் தனியாப் போட்டது குழந்தைவேலு. எல்லாருக்கும் எடுத்த அன்னைக்கு எடுக்காதது குழந்தைவேலு. நாள் கழிச்சு யாருக்கும் சொல்லாம எடுத்தது குழந்தைவேலு. படிச்சா எப்படி இருக்குது பாருங்க. ஒரு பொம்பள ஸ்டாஃப் மேல எனக்கு வன்மம்னு ஆயிருச்சு.

கரஸ்பாண்டென்ட் கேட்டதுக்கு, நான் யாரையும் பேசக் கூடாதுன்னு சொன்னதே இல்லையேன்னுட்டாரு. காருகிட்டச் சொன்னதுக்கு சாட்சி யாரு? டிரைவரு. அவன் பாட்டுக் கேட்டுட்டு இருந்தேன்னுட்டான். வாயில சொன்னவங்களுக்கு ஒண்ணுமில்ல, கையில பண்ணவன் மாட்டிக்கிட்டான். செக்ரட்டரி அந்த மேடத்துக்கு ஒரிஜினல் எல்லாத்தையும் வருத்தம் தெரிவிச்சு வீட்டுக்கே அனுப்பி வெச்சாங்க. எனக்கு நோட்டீசு. வன்மம்னு எழுதி வெளிய அனுப்புனா எனக்கு எவன் வேலை குடுப்பான்? கடைசியில ஒரு வழி சொன்னாங்க. பாதிக்கப்பட்டவங்க, வன்மம் இல்லன்னு எழுதிக் குடுத்தா, நாங்க சாதாரணமா ரிலீவ் பண்ணி உடறோம்னு.

போனேன். கச்சேரிமேட்டுல வீடு. நாலஞ்சு பசங்க டியூஷன் படிச்சுட்டு இருந்தாங்க. என்னைப் பாத்ததும் பசங்கள உள்ள போகச் சொல்லிட்டு, உக்காருங்க சார்னாங்க. அவங்க பையன் தண்ணி கொண்டாந்து குடுத்தான், நெத்தியில அம்மைத் தழும்பு ரெண்டு. நான் எல்லாத்தையும் விளக்கினேன். குரூப்புல போட்டது வேற, நேராப் போட்டது வேறன்னு. கணக்கு வாத்தியாரம்மா, ஒரு தடவ சொன்னதும் புடிச்சுக்கிட்டாங்க. அப்ப அன்னைக்கு ஹெட்செட் செக் பண்ணதுதானுங்களான்னு கேட்டாங்க. ஆமாங்கன்னேன். ஏன் என்னைன்னு கேட்டாங்க. நீங்க தப்பா நெனைக்க மாட்டீங்கன்னுதாங்க மேடம்னேன்.

அப்புறம் கேட்டாங்க. "மீட்டிங்ல நான் மூணு தடவ கூப்புட்டேன். பாத்தீங்களா சார்?"

"பாக்கலீங்க மேடம்."

"பாக்கலையா?"

"பாக்கலீங்க."

என்ன சொல்லச் சொல்றீங்க? பாத்தேன்னு சொன்னா அவங்க எழுதிக் குடுத்திருப்பாங்களா? அப்படிக் கேட்டு அவங்கதான் என்னைப் பொய் சொல்ல வெச்சாங்க. எனக்குப் பொய் சொல்ற பழக்கமே கெடையாது.

சரின்னு ஒரு வெள்ளைத் தாளை எடுத்தாங்க. என் இனிஷியல் கேட்டாங்க. தேதி போட்டாங்க. எழுதிட்டு வர்றப்போ நிறுத்தி, "நீங்க அந்த பாலிசிய எடுத்த தேதிய எழுதோணுங்களா?"ன்னாங்க. திங்கக்கிழமையே மைக் பளிச்சுனு ஆனதைத் தெரிஞ்சு வெச்சிருக்காங்க பாருங்க. வேண்டாங்க, சுருக்கமா இருந்தாப் போதும்னேன். தலையாட்டிட்டு எழுதலை. கையெழுத்துப் போட்டு, ஒரு தடவ படிச்சுப் பாத்து, மடிச்சுக் குடுத்தாங்க. ஒரு வார்த்தை திட்டல. திட்டியிருக்கலாமுங்க. வாசல் வரைக்கும் வந்து, பஸ் இருக்குதுங்களா சார்னு கேட்டாங்க.

பஸ் ஸ்டாண்டுல உக்காந்து பிரிச்சுப் படிச்சேன். முத்து முத்தா எழுத்து. 'தமக்கு என் மீது வன்மம் எதுவும் இல்லை என்று திரு. குழந்தைவேலு கூறினார். மறதியால் நேர்ந்தது என்று கூறினார். நான் மூன்று முறை அழைத்ததைப் பார்க்கவில்லை என்று கூறினார்.' அவ்வளவுதான் லெட்டர். மூணு வரி.

காலேஜுல யாரும் அதைக் கவனிக்கல. ஆபீஸ் கிளார்க் ஒருத்தன், தாளோட மேல ஒரு பார்வை, கீழ கையெழுத்து இருக்குதான்னு ஒரு பார்வை, ஃபைல்ல போட்டுட்டான். ரிலீவிங் ஆர்டர் வந்துச்சு. நான் ஒரு ஜெராக்ஸ் எடுத்து வெச்சுக்கிட்டேன். இன்னைக்குக் கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரியில இண்டர்வியூ. ஏன் நின்னீங்கன்னு கேட்டா இதைக் காட்டலாம்னு கொண்டாந்தேன். காட்டலாமா வேண்டாமான்னு காலையில இருந்து யோசனை. யாராச்சும் கவனமாப் படிக்கறவங்க இருந்துட்டா?

உங்களுக்கு சிக்னல் வந்துருச்சு, பாருங்க. பேசுங்க, பேசுங்க. ஒண்ணே ஒண்ணு மட்டும் கேட்டுக்கறேன், அப்புறம் தொந்தரவு பண்ணல. நாந்தான் பாக்கலைன்னு ரெண்டு தடவ சொன்னேனே. அந்தக் 'கூறினார்' போடாம, 'பார்க்கவில்லை'ன்னு எழுதி அதோட நிறுத்தியிருந்தா, அவங்களுக்கு என்னங்க கொறஞ்சு போயிருக்கும்?